பின் ஆக்சில் முறிந்தால்

பச்சை விளக்கு எரிந்ததும் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, கார் இருந்த இடத்திலேயே நின்றால், கியர்பாக்ஸுக்கும் டயருக்கும் நடுவில் ஏதோ ஒன்று போய்விட்டது. உடனே காலை எடுத்துவிடுங்கள். இன்னொரு தடவை மிதித்துப் பார்ப்போம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முதல் உடைப்பில் தப்பிய பல்லையும் பேரிங்கையும் அரைத்துத் தீர்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது மிதிதான். பாதித் தடத்தில் முறிந்தால் நிலைமை வேறு. டிஃபரன்ஷியல் பூட்டப்பட்ட காரில் ஒரு பக்க ஆக்சில் போனதும் இழுவை முழுவதும் மறுபக்கச் சக்கரத்துக்குப் போய், கார் சாய்ந்து ஓடப் பார்க்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, காலைத் தளர்த்தி, உங்கள் தடத்திலேயே சுவரோரமாக நிறுத்துங்கள். எண்ணெய் சொட்டுகிறது என்று சந்தேகம் இருந்தால் அங்கிருந்து ஓர் அடிகூட ஓட்டாதீர்கள். அடுத்து வருபவர் அந்த எண்ணெயின் மேல்தான் வருவார்.

இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொண்ட கார், அமெரிக்கக் கால் மைல் தடங்களில் வாராவாரம் பார்க்கும் வகை: சுமார் 3,000 பவுண்டு எடை, வி8 என்ஜின், டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்னால் ஃபோர்டு 9 அங்குல ஆக்சில். ஃபோர்டு இந்த ஆக்சிலை 1957 முதல் 1986 வரை தன் கார்களிலும் பிக்கப்புகளிலும் போட்டது. இன்று செவ்ரலே, டாட்ஜ் வைத்திருப்பவர்களும் தேடிப் போட்டுக்கொள்வதற்கு இரண்டு காரணங்கள். கிரவுன் வீலும் பினியனும் அடங்கிய கேரியர் முழுவதும் முன்பக்கமாக ஒரே உருப்படியாகக் கழன்று வரும். பினியனை இரண்டு பேரிங்குகளோடு, அதன் உள்முனையில் மூன்றாவதாக ஒரு பேரிங்கும் தாங்கும். ஜி.எம்.மின் 12 போல்ட் ஆக்சிலோ டானா 60-யோ வைத்திருப்பவர்களுக்கு மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

எதனால் முறிகிறது

கணக்கிலிருந்து தொடங்குவோம். என்ஜின் 500 பவுண்டு-அடி முறுக்கு தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ 400-இன் முதல் கியர் 2.48. டார்க் கன்வர்ட்டர் கிளம்பும் நொடியில் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். பின் கியர் விகிதம் 4.10. எல்லாவற்றையும் பெருக்கினால் பின் ஆக்சிலில் 10,168 பவுண்டு-அடி. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் அவ்வளவையும் டயர் ஏற்றுக்கொள்ளாது. இந்தக் கார் 1.5 ஜி முடுக்கத்தில் பாய்ந்தால் டயர் தரையைத் தள்ளும் விசை 4,500 பவுண்டு. 28 அங்குல டயரின் ஆரம் 14 அங்குலம். ஆக, இரண்டு ஆக்சிலும் சேர்ந்து தாங்குவது 5,250 பவுண்டு-அடி. மீதி, டயர் வழுக்குவதிலும் கன்வர்ட்டர் சூடாவதிலும் கரைந்துவிடும்.

நல்ல பிடியோடு சுத்தமாகக் கிளம்பும் கார், ஆக்சிலை மெதுவாக முறுக்கி, முறுக்கிலேயே வைத்துக்கொண்டு போகிறது. உடைப்பது அதிர்ச்சி. டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, பின்பாகம் குதிக்கும் 'வீல் ஹாப்' ஒன்று. தண்ணீரில் டயரைச் சுழற்றிச் சூடாக்கும்போது, ஈரத்திலிருந்து உலர்ந்த தரைக்கு முழு வேகத்தோடு டயர் போய் ஒட்டுவது இன்னொன்று. சுழலும் எடை அத்தனையும் சட்டென்று நிற்கப் பார்க்கும் அந்தக் கணத்தில் மேலே போட்ட கணக்கு செல்லாது. அதனால் ஷாக் அப்சார்பர் தளர்ந்ததா, புஷ் தேய்ந்ததா, டயர் காற்று சரியா என்று பார்க்காமல் புது ஆக்சில் வாங்குவது, அடுத்த ஆக்சிலுக்கும் இப்போதே பணம் கட்டுவதாகும்.

முறிந்த முகத்தைப் படியுங்கள்

கழற்றியதும் பலர் செய்யும் முதல் காரியம், இரண்டு துண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். முறிந்த முகத்தில் உள்ள நுண்ணிய வரிகள்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி. உரசினால் அவை அழிந்துவிடும். படம் எடுத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வையுங்கள்.

முகம் குறுக்காகத் தட்டையாக, மையத்தைச் சுற்றிச் சுழன்ற தடத்தோடு இருந்து, பக்கத்து ஸ்ப்லைன் வரிகளும் திருகியிருந்தால், இரும்பு நெகிழ்ந்து நெகிழ்ந்து கடைசியில் விட்டிருக்கிறது. அதாவது இந்தக் காருக்கு அந்த ஆக்சில் ஒல்லி. முறிவு 45 டிகிரி சாய்வில் சுருளாக ஓடியிருந்தால், கடினமான பரப்பு நெகிழாமல் பிளந்திருக்கிறது. ஒரு சாக்பீஸின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அதே சாய்வில்தான் உடையும். மேல்தோல் மட்டும் இண்டக்ஷன் முறையில் கடினப்படுத்திய கார் கம்பெனி ஆக்சில்கள் இப்படி முன்னறிவிப்பு இல்லாமல் போகும். 4340 போன்ற கலப்பு எஃகில் செய்து உள்வரை கடினப்படுத்தியவை பெரும்பாலும் முதலில் திருகிக் காட்டும்.

மூன்றாவது வகைதான் அதிகம் சொல்லும். முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, வளைவு வளைவான கோடுகளோடு கறுத்திருக்கும். மிச்சம் புதிதாகச் சொரசொரப்பாக இருக்கும். அந்த வழவழப்புப் பகுதி இன்றைக்கு உடைந்ததில்லை, பல ஓட்டங்களாக விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. வளைவுக் கோடுகளின் மையத்தைத் தேடிப் போனால் பிறப்பிடம் தெரியும்: ஒரு கீறல், வெல்டிங் பொறி விழுந்த புள்ளி, துருக்குழி, ஸ்ப்லைன் வரியின் அடிமுனை. இந்த வகை முறிவு ஃபிளேஞ்ச் பக்கம், அதாவது சக்கரத்தோரம் இருந்தால், ஆக்சில் முறுக்கினால் சாகவில்லை, வளைந்து வளைந்து செத்திருக்கிறது. அப்போது குற்றவாளி பெரும்பாலும் கோணிப்போன ஹவுசிங். புது ஆக்சிலையும் அது அப்படியே தின்னும்.

மறுபக்க ஆக்சில் முழுசாக இருக்கிறதே என்று விடாதீர்கள். அதுவும் அத்தனை ஓட்டங்களையும் ஓடியிருக்கிறது. சோடியாகவே மாற்றுங்கள்.

பிரிப்பது

காரை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரமும் பிரேக்கும் கழற்றியபின், ஃபிளேஞ்சில் இருக்கும் துளை வழியாக சாக்கெட்டை விட்டு, பேரிங் தட்டைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளையும் கழற்றுங்கள். ஆக்சில் வெளியே வரும். 12 போல்ட் ஆக்சிலில் அப்படி வராது. உள்முனையில் ஒரு சி-கிளிப்தான் ஆக்சிலைப் பிடித்திருக்கும், பின்மூடியைத் திறந்து அதை எடுக்க வேண்டும். அந்தச் சின்ன கிளிப்தான் சக்கரத்தையும் காரையும் சேர்த்து வைத்திருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். ஆக்சில் நடுவில் முறிந்தால் சக்கரம், வெளித்துண்டோடு சேர்ந்து, காரை விட்டுப் போய்விடும். அதனால்தான் அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப் புத்தகம் கால் மைலை 10.99 நொடிக்குள் ஓடும் கார்களுக்கும், டிஃபரன்ஷியல் பூட்டப்பட்ட கார்களுக்கும், பந்தய ஆக்சிலையும் அதை வெளிமுனையிலேயே பிடித்து வைக்கும் அமைப்பையும் கட்டாயமாக்கியது. விதிகள் திருத்தப்படும், அந்தந்த ஆண்டின் புத்தகத்தைப் பாருங்கள். என்னைக் கேட்டால் 12 நொடி ஓடும் காருக்கும் சி-கிளிப் வேண்டாம்.

உள்ளே மாட்டிக்கொண்ட துண்டு எல்லோரையும் படுத்தும். உங்கள் கேரியரில் ஸ்பூல் இருந்தால், அதாவது இரண்டு ஆக்சிலையும் ஒன்றாகப் பூட்டும் ஒரே திட இரும்பு, வழி சுலபம். மறுபக்க ஆக்சிலையும் உருவிவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து நீளமான கம்பியை விட்டுத் தட்டினால் துண்டு வெளியே வந்துவிடும். ஸ்ப்லைன் திருகியிருந்தால் கொஞ்சம் பலமாகத் தட்ட வேண்டியிருக்கும். நடுவில் குறுக்குப் பின் உள்ள டிஃபரன்ஷியல் என்றால் கம்பி போகாது. காந்தத்தால் இழுத்துப் பாருங்கள், வராவிட்டால் கேரியரை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

கழுவுவதற்காகக் கேரியரை எப்படியும் எடுக்கத்தான் வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, கேரியரைச் சுற்றியுள்ள பத்து நட்டுகளையும் விட்டால், கேரியர் கையில் வரும். கனமான உருப்படி, மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் வாங்காதீர்கள், ஜாக்கி வையுங்கள். பிறகு ஹவுசிங் குழாய்களைக் கழுவுங்கள். இந்த வேலையைத்தான் அதிகம் பேர் அரைகுறையாக விடுகிறார்கள். இரும்புத் தூள் நடுத்தொட்டியில் மட்டும் இருக்காது, இரண்டு குழாய்களின் கடைசி வரை போய் எண்ணெயோடு ஒட்டியிருக்கும். கம்பியில் துணி கட்டி, கரைப்பான் ஊற்றி, வெள்ளைத் துணி வெள்ளையாக வெளியே வரும்வரை இழுங்கள். காற்றுப்போக்கித் துளையும் திறந்திருக்கிறதா பாருங்கள். அடைத்திருந்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, எண்ணெய் ஆயில் சீலைத் தாண்டிப் பிரேக்குக்கு வரும்.

ஹவுசிங் நேராக இருக்கிறதா

சரியான முறை, நேர்க்கம்பி முறை. கேரியர் பேரிங் உட்காரும் இடத்திலும் ஹவுசிங்கின் இரு முனைகளிலும் துல்லியமாகக் கடைந்த வட்டுகளை வைத்து, நடுவே தடித்த நேரான கம்பியைச் செலுத்துவார்கள். கம்பி தள்ளாமல் கொள்ளாமல் முனை வட்டுக்குள் நுழைந்தால் ஹவுசிங் நேர். இது எல்லாப் பட்டறையிலும் இருக்காது, ஆக்சில் வேலை மட்டும் செய்யும் இடத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் ஒரு முதல்கட்டச் சோதனை செய்யலாம். இரண்டு ஃபிளேஞ்ச்களின் மேலும் நீளமான நேர்ப்பட்டையை வைத்து, பட்டைகளுக்கு இடையிலான தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் கோணல் இருக்கிறது.

கோணலுக்கு விபத்து வேண்டியதில்லை. லேடர் பார், ஷாக் பிராக்கெட் என்று ஒரே பக்கமாக வெல்டு வைத்தாலே போதும். வெல்டு ஆறும்போது சுருங்கி, குழாயின் முனையைத் தன் பக்கம் இழுத்துவிடும். வெல்டு வேலை எல்லாம் முடிந்தபின் நேராக்குங்கள், முன்னால் நேராக்கியது வீண்.

எதைப் பெரிதாக்குவது

ஃபோர்டு ஆக்சிலின் ஸ்ப்லைன் எண்ணிக்கையே தடிமனைச் சொல்லிவிடும். 28 ஸ்ப்லைன் சுமார் 1.2 அங்குலம், 31 ஸ்ப்லைன் 1.33, 35 ஸ்ப்லைன் 1.5, 40 ஸ்ப்லைன் 1.7. முறுக்கைத் தாங்கும் சக்தி விட்டத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறும். ஆகவே 31-இலிருந்து 35-க்குப் போனால் விட்டம் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது, வலிமையோ 40 சதவீதத்துக்கும் மேல் கூடுகிறது. எடையைக் குறைக்க வேண்டுமென்றால் நடுவில் துளையிட்ட ஆக்சில் உண்டு. பயப்பட வேண்டாம். விட்டத்தில் பாதி அளவுக்குத் துளையிட்டால் எடையில் கால் பங்கு போகும், வலிமையில் பதினாறில் ஒரு பங்குதான் போகும், ஏனென்றால் மையத்து இரும்பு முறுக்கை அதிகம் சுமப்பதில்லை.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆக்சிலைத் தடிமனாக்கினால் உடைப்பு மறைந்துவிடாது, அடுத்த பலவீனமான இடத்துக்கு நகரும். 35 ஸ்ப்லைன் ஆக்சிலைப் போட்டுவிட்டு, முன்னால் பழைய 1310 யு-ஜாயின்டை விட்டுவைத்தால், அடுத்த முறை உடையப்போவது புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஆக்சில் ஹவுசிங்குக்குள் உடைகிறது. வெளிமுனையில் சரியாகப் பிடித்து வைத்திருந்தால் சக்கரமும் காரோடுதான் இருக்கும். ஷாஃப்டோ உங்கள் இடுப்புக்குப் பக்கத்தில், ஒரு மெல்லிய தகட்டுக்குக் கீழே சுழல்கிறது. ஏதாவது ஒன்று உடைந்தே தீரும் என்றால் அது ஹவுசிங்குக்குள் உடையட்டும். ஆகவே பணத்தை முதலில் ஷாஃப்ட் பாதுகாப்பு வளையத்துக்கும் யு-ஜாயின்டுக்கும் செலவிடுங்கள், பிறகு ஆக்சிலுக்கு வாருங்கள். கடைக்காரர் இந்த வரிசையில் சொல்ல மாட்டார்.

ஆக்சில் அளவெடுக்கும்போது, 9 அங்குலத்தில் பினியன் நடுவில் இல்லாததால் இடது வலது நீளம் வேறுபடும் என்பதை மறக்காதீர்கள். பேரிங் இருக்கையையும் அளந்து சொல்லுங்கள்: சிறிய ஹவுசிங் முனையில் பேரிங்கின் வெளிவிட்டம் 2.835 அங்குலம், பெரியதில் 3.150. பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் பிடிப்புத் தட்டை ஆக்சிலில் கோர்த்துவிடுங்கள், ஏற்றியபின் அது உள்ளே போகாது. பேரிங்கை முதலில் தனியாக ஏற்றி முழுதாக உட்கார்த்துங்கள். அப்புறம் பூட்டு வளையத்தைத் தனியாக ஏற்றுங்கள். இரண்டையும் ஒரே தள்ளில் ஏற்றுவது பேரிங்குக்குக் கேடு. கழற்றிய வளையத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

புது ஆக்சிலில் நீளவாக்கில் பெயின்டால் ஒரு நேர்கோடு இழுத்துவிட்டு மாட்டுங்கள். பருவம் முடிந்து உருவிப் பார்க்கும்போது கோடு சுருண்டிருந்தால் ஆக்சில் நெகிழத் தொடங்கிவிட்டது. இவ்வளவு மலிவான எச்சரிக்கைக் கருவி வேறில்லை.

கிரவுன் வீலும் பினியனும்

பல் எல்லாம் நன்றாக இருந்தால் பழைய சோடியை, அது முன்பு இருந்த பேக்லாஷிலேயே, அதாவது பல் இடைவெளியிலேயே, திரும்பப் பூட்டுங்கள். ஒன்று உடைந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும், அவை சோடியாகவே உரசித் தயாரானவை. 9310 எஃகில் செய்த பந்தய கியர்கள் அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும், ஆனால் மென்மையானவை, தினம் தெருவில் ஓட்டினால் தேய்ந்துவிடும். தெருவிலும் ஓடும் காருக்கு சாதாரண 8620 கியரே போதும்.

9 அங்குலத்தில் பினியனின் ஆழத்தை மாற்றும் ஷிம், ஐந்து போல்ட்டில் நிற்கும் பினியன் சப்போர்ட்டுக்கும் கேரியருக்கும் இடையில் இருக்கிறது. ஷிம் தடித்தால் பினியன் கிரவுன் வீலை விட்டு விலகும். 12 போல்ட், டானா வகையில் ஷிம் பினியன் தலைக்குப் பின்னால் இருப்பதால் நேர்மாறு: தடித்தால் நெருங்கும். இரண்டிலும் வேலை செய்பவர்கள் இதில் எளிதாகக் குழம்புவார்கள், சுவரில் எழுதி வையுங்கள். இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவே நசுங்கும் க்ரஷ் ஸ்லீவை எடுத்துவிட்டு திடமான ஸ்பேசர் போடுங்கள். அதிர்ச்சியில் க்ரஷ் ஸ்லீவ் இன்னும் நசுங்கி, பேரிங்கின் பிரீலோட் போய்விடும். பிரீலோடை அங்குல-பவுண்டு ரெஞ்சால், பினியன் சுழன்றுகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும், அசையத் தொடங்கும் கணத்தில் காட்டும் எண் பொய். அளவு பேரிங்கோடு வரும் தாளில் இருக்கும். பழைய பேரிங் என்றால் ஏறக்குறைய அதில் பாதி.

பேக்லாஷ் பொதுவாக 0.008 அங்குலத்துக்கும் 0.012 அங்குலத்துக்கும் இடையில் இருக்கும். டயல் கேஜ் வைத்து கிரவுன் வீலைச் சுற்றி நான்கு இடங்களில் பாருங்கள். பிறகு பல்லில் மார்க்கிங் பசை தடவி, ஒரு கை கிரவுன் வீலைத் தடுக்க, மறு கையால் பினியனைச் சுழற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தடம் பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே இருக்கிறது, விலக்குங்கள். உச்சியில் விழுந்தால் நெருக்குங்கள். பேக்லாஷ் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் தடம் தவறாக இருந்தால் தடம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்

1310 யு-ஜாயின்டின் கப் விட்டம் 1.062 அங்குலம், 1350-இல் 1.188. பந்தயக் காருக்கு 1350 போடுங்கள், கிரீஸ் நிப்பிள் இல்லாத திட கிராஸாகப் பாருங்கள், நிப்பிளுக்காகத் துளைத்த இடம்தான் விரிசலுக்கு வாசல். யு-போல்ட்டை வெறியோடு முறுக்காதீர்கள். கப் நெளிந்து ஊசி பேரிங் இறுகி, சீக்கிரமே கிராஸில் பள்ளம் விழும். டார்க் ரெஞ்ச் வேண்டும், தயாரிப்பாளர் சொன்ன எண் வேண்டும்.

ஷாஃப்டின் வேகத்தையும் பாருங்கள். 28 அங்குல டயர், 4.56 விகிதம், மணிக்கு 130 மைல் என்றால் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,100 சுற்று சுற்றும். ஒவ்வொரு குழாய்க்கும் அது நடுவில் வில்லாக வளையத் தொடங்கும் ஒரு சுற்று எண் உண்டு. 50 அங்குல நீளம், 3 அங்குல விட்டம் உள்ள எஃகுக் குழாய்க்கு அந்த எண் கணக்கின்படி சுமார் 7,800. முனை யோக்குகளின் எடையையும் சேர்த்தால் இன்னும் கீழே வரும். நெருக்கம் ஆபத்தானது. விட்டத்தை 3.5 அங்குலமாக்கினால் எண் 9,000-ஐத் தாண்டும். விட்டம் கூடினால் அதே விகிதத்தில் கூடும், நீளம் கூடினால் அதன் இருமடிப் பெருக்கில் குறையும். 10 சதவீதம் நீண்ட ஷாஃப்ட் 17 சதவீதம் முன்னதாகவே வளையத் தொடங்கும்.

பாதுகாப்பு வளையம் முன் யு-ஜாயின்டிலிருந்து 6 அங்குலத்துக்குள், ஷாஃப்டை முழு வட்டமாகச் சூழ்ந்து இருக்க வேண்டும்: 2 அங்குல அகலம், கால் அங்குலத் தடிமன் உள்ள பட்டை, அல்லது 7/8 அங்குல, 0.065 சுவருள்ள எஃகுக் குழாய். ஸ்லிக் டயரோடு 13.99 நொடிக்குள் ஓடும் காருக்கு என்.எச்.ஆர்.ஏ. கேட்பது இது. முன் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்டின் முன்முனை தரையில் குத்தி, பின்பாகத்தையே தூக்கி எறியும். அதைத் தடுப்பது இந்த வளையம் ஒன்றுதான். சுழலும் உறுப்பு ஒன்று ஓட்டுநருக்கு அருகில் சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு டிராக்ஸ்டர் ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் சாட்சி. 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில் அவருடைய டிராக்ஸ்டரின் டிரான்ஸ்மிஷன் வெடித்து, கார் இரண்டாகி, வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. மறு ஆண்டே என்ஜினையும் டிரான்ஸ்மிஷனையும் தனக்குப் பின்னால் வைத்த காரோடு அவர் திரும்பி வந்து வென்றார். அதன்பின் டிராக்ஸ்டர் வகுப்பே என்ஜினைப் பின்னால் கொண்டுபோனது. நம் கதவுள்ள கார்களில் அந்த வசதி இல்லை, ஷாஃப்ட் நமக்குப் பக்கத்தில்தான் ஓடும்.

ஷாஃப்ட் உடைந்திருந்தால் கியர்பாக்ஸின் பின்முனை புஷ்ஷையும் வெளிவரும் ஷாஃப்டின் ஸ்ப்லைனையும் பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள். மாட்டும்போது ஸ்லிப் யோக் முழுதாக உள்ளே போனபின் முக்கால் முதல் ஒரு அங்குலம் வரை வெளியே இழுத்த நிலையில், காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்க, நிற்க வேண்டும்.

பினியன் கோணத்தையும் எடை சக்கரத்தில் இருக்கும்போதே அளவிடுங்கள். கிளம்பும்போது பினியனின் மூக்கு மேலே எழும். அதற்காக முன்கூட்டியே ஷாஃப்டோடு ஒப்பிட்டுக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கிறோம். லீஃப் ஸ்பிரிங் அமைப்பில் அசைவு அதிகம், 5 முதல் 7 டிகிரி வரை தேவைப்படலாம். லேடர் பார், ஃபோர் லிங்க் அமைப்பில் 1 அல்லது 2 போதும். தேவைக்கு மேல் சாய்த்தால் யு-ஜாயின்ட் சூடாகி, சக்தியும் வீணாகும்.

முதல் ஓட்டங்கள்

85டபிள்யூ-140 கனிம கியர் எண்ணெய் ஊற்றுங்கள். ஸ்பூலுக்கு உராய்வு சேர்மானம் எதுவும் வேண்டாம். புது கியரைச் சில நிமிடம் மென்மையாக ஓட்டி, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். முதல் நாளிலேயே கன்வர்ட்டரை முழுதாகப் பிடித்துக் கிளம்ப வேண்டாம். முதலில் பாதி வேகத்தில் கிளம்புங்கள், பின்பு முழு வேகத்தில் கிளம்பி 60 அடியில் விட்டுவிடுங்கள். நண்பரைப் பின்பக்கச் சுவரோரம் நிறுத்தி, பின்பாகம் குதிக்கிறதா என்று கைபேசியில் மெதுவேகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். டயரைச் சூடாக்கும்போது ஈரத்திலேயே காலை எடுத்துவிட்டு, டயர் தானாக வேகம் இழக்கும்போது வெளியே உருளுங்கள், உலர்ந்த இடத்தில் சுழலவிடாதீர்கள்.

அன்று மாலையே யு-போல்ட், பினியன் நட்டு, ஆக்சில் தட்டு நட்டு மூன்றையும் ரெஞ்சால் மறுபடி சோதியுங்கள். இரண்டாவது பந்தய நாளுக்குப் பின் எண்ணெயை வடித்து, வடிகால் திருகின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை மாதிரி இருந்தால் கியர் உரசிச் சேர்கிறது என்று அர்த்தம், புது எண்ணெய் ஊற்றி ஓடலாம். விரலில் குத்தும் செதிலாக இருந்தால் கேரியரை மறுபடி இறக்குங்கள்.